கைதட்டல் கவசமாகுமா?

சென்ற பருவத்தில், நாம் பாடம் சொல்லும் வகுப்பிலே, 'மருத்துவர்' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதி வரப் பணித்தோம். தறிச் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அப்பா தறிக்குழியிலே, அம்மா நூல் சுற்றும் இராட்டையிலே, அண்ணன் கூலிக்காக முதலாளி வீட்டு வாசலிலே — அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வருபவர்கள். எழுதி வந்த ஏடுகளைப் புரட்டினோம். ஏறத்தாழ எல்லா ஏட்டிலும் ஒரே வாசகம், அச்சடித்தாற்போல: "மருத்துவர் கண்கண்ட தெய்வம்." ஒரே ஒரு சிறுமி மட்டும் அதற்கு அடுத்த வரியையும் எழுதியிருந்தாள்: "தெய்வத்துக்கு நோய் வராது, அதனால் மருத்துவருக்கும் நோய் வராது."

சிரித்துவிட்டு, சிவப்பு மையால் ஒரு சுழி சுழித்துவிட்டு, அடுத்த ஏட்டை எடுத்திருக்கலாம். இயலவில்லை. பேதைமையில் பிறந்த வரியா அது? அல்ல, தோழர்களே, அல்ல! தருக்கம் பிசகாத வரி! பெரியவர்கள் சொல்லித் தந்த முதல் வரியை நம்பினாள். நம்பியதால் முறையாக இரண்டாம் வரிக்கு வந்து சேர்ந்தாள். பிழை அவளுடையதன்று; முதல் வரியை அவள் நாவிலே ஏற்றி வைத்தவர்களுடையது. அந்தச் சிறுமி ஏட்டில் எழுதியதைத்தான், 2020ஆம் ஆண்டில் ஒரு நாடே நடத்திக் காட்டிற்று. மருத்துவரைத் தெய்வம் என்றது. தெய்வமென்று சொல்லிவிட்ட திருப்தியிலே கவசத்தை மறந்தது. மறந்துவிட்டுக் களத்துக்கு அனுப்பியது.

நாட்குறிப்பைப் புரட்டுவோம். மறதி மன்னிப்பாகிவிடக் கூடாது என்பதற்காகப் புரட்டுவோம்.

2020 மார்ச் 7. தமிழகத்தில் கோவிட்-19 நோய் முதன்முதலாக ஒருவருக்கு உறுதி செய்யப்பட்டது. ஓமன் நாட்டிலிருந்து திரும்பியவர், காஞ்சிபுரத்துக்காரர். ஆயிரம் கோயில் கொண்ட நகரம் என்று பெருமை பேசுகிறோமே, அந்த ஊர்தான் தமிழகத்தின் முதல் நோயாளியையும் தந்தது. நோய்க்கு ஊரும் தெரியாது, கோபுரமும் தெரியாது! அவர் சென்னை அரசுப் பொது மருத்துவமனையிலே சேர்க்கப்பட்டு, நலம் பெற்று வீடு திரும்பினார். மந்திரம் மீட்கவில்லை, மருத்துவம் மீட்டது.

மார்ச் 22, மாலை 5 மணி. மருத்துவப் பணியாளரைப் பாராட்டுவதற்காக நாடெங்கும் கைதட்டினார்கள், தட்டுகளைத் தட்டினார்கள், மணியடித்தார்கள். ஏப்ரல் 5, இரவு 9 மணி. மின்விளக்கை அணைத்து, அகல் விளக்கை ஏற்றி, 9 நிமிடம் நின்றார்கள். ஏப்ரல் 13. சென்னையில் மாண்ட நெல்லூர் மருத்துவர் ஒருவரின் உடலை அம்பத்தூர் மயானத்தில் எரிக்க விடமாட்டோம் என்று மறித்தார்கள். உடல் வேறிடம் கொண்டு போகப்பட்டது. ஏப்ரல் 19. நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் அதே நோய்க்குப் பலியானார். அவர் உடலைச் சுமந்து வந்த வண்டியின்மீது கல்லெறிந்தார்கள். மே 3. வானூர்திகள் மருத்துவமனைகளின் மேல் பறந்து பூமாரி பொழிந்தன.

கைதட்டல், விளக்கு, மறியல், கல், பூ. முதல் கைதட்டலுக்கும் கடைசிப் பூவுக்கும் இடையே 42 நாட்கள்! இதற்குள் இத்தனையும் பெற்ற மருத்துவனுக்குக் கிடைக்காத பொருள் ஒன்று உண்டு. அது அவன் கேட்ட பொருள். கேட்காததெல்லாம் கிடைத்தது, கேட்டது கிடைக்கவில்லை. அவன் கேட்டது கவசம்!

சைமன் ஹெர்குலிஸின் கடைசி இரவை நினைத்துப் பாருங்கள். 55 வயது. மூளையையும் தண்டுவடத்தையும் திறந்து பிறர்க்கு வாழ்வு தந்த கை. அந்த உடலுக்கு ஆறடி நிலம் வேண்டும், அவ்வளவே. கீழ்ப்பாக்கத்து இடுகாட்டிலே எதிர்ப்பு. அண்ணா நகர் வேலங்காடு இடுகாட்டுக்குக் கொண்டு போனால், அங்கே கல்லும் கட்டையும். வண்டியோட்டிகள் இரத்தம் சிந்தினார்கள். குடும்பத்தார் குழியருகே நிற்கவும் இயலாமல் விரட்டப்பட்டார்கள். பின்னர் நள்ளிரவிலே, உடன் பணியாற்றிய எலும்பு மருத்துவர் பிரதீப் குமார், தாமே வண்டியை ஓட்டி வந்து, ஊழியர் சிலரோடு, மண்வெட்டியாலும் வெறுங்கையாலும் மண்ணைத் தள்ளித் தோழரை அடக்கம் செய்தார். காஞ்சியிலே பிறந்து, கற்றோரையும் மற்றோரையும் சிந்திக்க வைத்த அறிஞரின் பெயர் தாங்கிய நகர்ப்பகுதியிலே இது நடந்தது என்பதை எண்ணும்போது, காஞ்சிக்காரர்களாகிய நமக்குத் தலை தாழ்கிறது.

கல்லெறிந்தவர்கள் யார்? கொடியவர்களா? கொலைகாரர்களா? அல்லர். அவர்களில் பலர் ஒரு மாதத்துக்கு முன்பு அதே கையால் தட்டியும் இருப்பார்கள். நோய் எப்படிப் பரவுகிறது என்று அவர்களுக்கு எவரும் பக்குவமாகச் சொல்லவில்லை. அந்தக் கிருமி மூச்சிலே வருவது. இருமலிலே, தும்மலிலே, பேச்சிலே வெளிப்படும் நுண்துளிகளில் ஏறி வருவது. பிணம் மூச்சு விடுவதில்லை, இருமுவதில்லை, பேசுவதில்லை. முறையாகப் பொதிந்து புதைத்த உடலைவிட, முகத்தை மூடாமல் கூடி நின்று கூச்சலிட்ட அந்தக் கூட்டமே அன்றிரவு நோய்க்கு நல்ல வாகனம். அறிந்தவன் கையில் அறிவு முகக்கவசமாகிறது. அறியாதவன் கையில் அச்சம் கல்லாகிறது!

ஆகவே சொல்கிறோம்: பூவும் கல்லும் எதிரெதிர்ப் பொருள்களல்ல. இரண்டும் ஒரே மரத்துக் கனிகள். தெய்வமென்று வணங்குகிறவன்தான், தெய்வம் செத்தால் பேய் என்று அஞ்சி ஓடுகிறான். மனிதன் என்று மதித்தவன் இரண்டும் செய்யமாட்டான். உயிரோடிருக்கையில் உடை கொடுத்திருப்பான். உயிர் போனபின் நிலம் கொடுத்திருப்பான்.

கவசம் என்கிறோமே, அது என்ன என்பதையும் பார்ப்போம். நெசவாளர் ஊரிலே துணியைப் பற்றிப் பேசுவதற்குத் தயக்கமென்ன?

அறுவைக் கூடத்திலே மருத்துவர் காலங்காலமாக முகத்திலே கட்டுகிறாரே ஒரு துணி, அது அவரைக் காப்பதற்கென்று பலர் எண்ணுகிறோம். அது முதன்மையாக நோயாளியைக் காப்பதற்கு! மருத்துவர் வாயின் எச்சில்துளி திறந்த புண்ணிலே விழாமல் தடுப்பது அதன் வேலை. கன்னத்தோரம் இடைவெளி இருக்கும். உள்ளிழுக்கும் காற்று அதன் வழியே புகும். கொள்ளைநோய்க் காலத்திலோ பாதை தலைகீழாகிறது. நோயாளியின் மூச்சு மருத்துவரைத் தாக்குகிறது. மூச்சுக்குழாயிலே குழாய் செலுத்துகையில், கழுத்திலே துளையிட்டு மூச்சுக்கு வழி அமைக்கையில், மருத்துவரின் முகம் நோயாளியின் முகத்துக்குச் சாண் தொலைவிலே நிற்கிறது. எலும்பை அறுக்கும் கருவி குருதியைத் துகளாக்கித் தெளிக்கிறது. 'சோதனை முடிவு வரட்டும், பிறகு வருகிறேன்' என்று விபத்தில் உடைந்த மண்டை காத்திருக்குமா? காத்திராது. ஆகவே, எதிரே கிடப்பவருக்கு நோய் உண்டா இல்லையா என்று தெரியாமலே கத்தியை எடுக்க வேண்டியவர் அறுவை மருத்துவர்.

அதற்காகத்தான் என்-95 என்னும் முகக்கவசம். 0.3 மைக்ரான் அளவுத் துகள்களிலே நூற்றுக்குக் குறைந்தது 95ஐத் தடுக்கும் என்பது அந்தப் பெயரின் பொருள். அதன் நடு அடுக்கிலுள்ள இழைகளிலே மின்னேற்றம் ஏற்றப்பட்டிருக்கிறது. துகளை அந்த மின்னேற்றம் இழுத்துப் பிடிக்கிறது. சோப்பிட்டுத் துவைத்தால் அந்த ஆற்றல் அழியும். முகத்தோடு இறுகப் பொருந்தாவிட்டால், 95 என்பது வெறும் எழுத்து! பாவிலே ஓர் இழை அறுந்ததைக் கவனியாமல் நெய்த சேலை என்னவாகும் என்று நம் ஊரிலே எவருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. முகக்கவசத்தின் ஓரத்திலே விட்ட இடைவெளியும் அப்படித்தான்.

முழு உடல் கவசமோ நம் தறியிலே பிறக்கும் துணியன்று. பாலிபுரோப்பிலீன் இழைகளை நூற்காமல், நெய்யாமல், வெப்பத்தால் ஒன்றோடொன்று பற்றவைத்து உண்டாக்கும் துணி. அதன்மேல் நீரும் குருதியும் ஊடுருவாத மெல்லிய படலம். ஊசி போன தடமெல்லாம் ஓட்டை. ஆதலால் தையல்களின் மேல் நாடா வைத்து வெப்பத்தால் ஒட்ட வேண்டும். அணிவதற்கொரு முறை, கழற்றுவதற்கோ அதனினும் கடிய முறை. கழற்றும்போது வெளிப்புறத்தைத் தொட்ட விரல் முகத்தைத் தொட்டால் அத்தனை காப்பும் வீண். அதற்குள்ளே புகுந்தவர் மணிக்கணக்கில் தண்ணீர் குடிக்க இயலாது. இயற்கை அழைப்புக்குப் போக இயலாது. சித்திரை வெயிலிலே, வியர்வை காலுறையிலே தேங்க, கண்ணாடியிலே ஆவி படிய, அதற்குள்ளே நின்றுதான் அவர்கள் உயிர்களை மீட்டார்கள்.

அதுவும் கிடைத்தவர்களின் கதைதான். கிடைக்காதவர்கள்? 2020 மார்ச் இறுதியில் வந்த செய்திகளைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். கல்கத்தாவில் மருத்துவர்கள் மழைச்சட்டை அணிந்து நோயாளிகளைப் பார்த்தார்கள். அரியானாவில் ஒரு மருத்துவர் மோட்டார் சைக்கிள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டார். மழைக்குச் செய்ததையும் சாலை விபத்துக்குச் செய்ததையும் கொள்ளைநோய்க்கு அணிந்தார்கள்!

கர்ணன் கவச குண்டலத்தோடு பிறந்தான் என்று புராணிகர் கதைப்பர். நம் மருத்துவக் கல்லூரிகளிலிருந்து வெளிவரும் பிள்ளைகள் அப்படிப் பிறந்து வருவதில்லையே! தாயின் தாலியையும் தந்தையின் தறியையும் அடகு வைத்துப் படித்து வருகிறார்கள். அவர்களுக்குத் தோல்தான் உண்டு. கவசம் நாம்தான் தர வேண்டும்.

"திடீரென வந்த கொள்ளைநோய், உலகிலேயே தட்டுப்பாடு, நாம் என்ன செய்ய இயலும்?" என்பர் சிலர். உலகிலே தட்டுப்பாடு என்பது மெய். 2020 மார்ச் 3ஆம் நாள் உலக நலவாழ்வு நிறுவனமே அதை அறிவித்தது. திங்கள்தோறும் 8 கோடியே 90 லட்சம் முகக்கவசங்கள் வேண்டும், 7 கோடியே 60 லட்சம் கையுறைகள் வேண்டும், உற்பத்தியை நூற்றுக்கு 40 பங்கு உயர்த்துங்கள் என்றது. ஆனால் 'திடீரென' என்பது மெய்யா? 2003இல் சார்ஸ் நோய் வந்து மருத்துவப் பணியாளர்களைக் கொன்று காட்டவில்லையா? 2014இல் எபோலா மேற்கு ஆப்பிரிக்காவிலே மருத்துவரையும் செவிலியரையும் விழுங்கவில்லையா? அதெல்லாம் தொலைதூரம் என்பீரேல், 2018 மே திங்களிலே, அடுத்த வீடான கேரளத்திலே, கோழிக்கோட்டுப் பகுதியிலே, நிபா நோயாளிக்குப் பணிவிடை செய்த செவிலி லினி, இரு குழந்தைகளை விட்டுவிட்டு மாண்டாரே, அது எச்சரிக்கையில்லையா? இந்தியாவின் முதல் கோவிட் நோயாளி 2020 ஜனவரி 30இலேயே அதே கேரளத்திலே கண்டறியப்பட்டார். கைதட்டும் நாளுக்கு அதிலிருந்து 52 நாள் இருந்தன!

"மருத்துவம் தொண்டு, தொண்டுக்கு முன்வந்தவர் துயர் பாராட்டலாமா?" என்பர் வேறு சிலர். படைவீரன் நாட்டுக்காக உயிர் தரச் சித்தமாக இருக்கிறான் என்பதால், அவனிடமிருந்து துப்பாக்கியைப் பிடுங்கிக்கொண்டா எல்லைக்கு அனுப்புவீர்கள்? உயிர் கொடுக்க முன்வருவது அவன் பெருமை. உயிர் போகாமல் பார்ப்பது நம் கடமை. தியாகம் என்பது தானே வந்து தருவது. தள்ளிவிட்டு வாங்கினால் அதற்குப் பெயர் பலி. பலி பீடத்தை எதிர்த்து வளர்ந்த இயக்கத்துப் பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு தெரியவேண்டும்.

மருத்துவர் ஒருவர் வீழ்ந்தால் வீழ்வது ஒருவரல்லர். அவர் தொட்ட நோயாளிகளுக்கெல்லாம் நோய் போகிறது. அவர் இல்லாத நாட்களிலே அவர் காத்திருக்கக்கூடிய உயிர்களும் போகின்றன. வள்ளுவர், 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறளிலே, மருத்துவத்தை நான்காகப் பகுத்தார்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, உடனிருந்து பணி செய்பவன். நான்கில் இரண்டு, தீர்ப்பவனும் பணி செய்பவனும்! இரண்டு கால் ஒடிந்த கட்டிலிலே நோயாளியை எப்படிக் கிடத்துவீர்கள்?

எத்தனை பேர் மாண்டார்கள் என்றாவது கேட்டோமா? கேட்டார்கள். 2020 செப்டம்பரில் நாடாளுமன்றத்திலே கேட்டார்கள். நலவாழ்வு மாநிலங்களின் பொறுப்பு, மையத்திலே அந்தக் கணக்கு வைக்கப்படவில்லை என்று ஒன்றிய அரசின் தரப்பிலே விடை வந்தது. கொதித்தெழுந்த இந்திய மருத்துவச் சங்கம், மாண்ட 382 மருத்துவர்களின் பட்டியலை வெளியிட்டது. 2021இன் இரண்டாம் அலையிலே மட்டும் 798 மருத்துவர்கள் மாண்டதாக அதே சங்கம் அந்த ஆண்டு ஜூன் இறுதியிலே அறிவித்தது. உலகெங்கும் 2020 ஜனவரி முதல் 2021 மே வரை ஏறத்தாழ 1,15,500 நலவாழ்வுப் பணியாளர்கள் இறந்திருக்கக்கூடும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீடு. தட்டிய கைகளை எண்ண இயலாது, அவ்வளவு ஏராளம். ஆனால் செத்த தலைகளை எண்ணவுமா இயலவில்லை?

சட்டங்கள் வந்தன, மறுக்கவில்லை. 2020 ஏப்ரல் 22இல், 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்தி, மருத்துவப் பணியாளரைக் கொடுங்காயப்படுத்தினால் 7 ஆண்டு வரை சிறை என்றார்கள். அதே திங்களில் தமிழக அரசு, தொற்றுநோயால் இறந்தவரை அடக்கம் செய்வதைத் தடுத்தால் 1 முதல் 3 ஆண்டு வரை சிறை என்று அவசரச் சட்டம் செய்தது. வரவேற்கிறோம். 50 லட்ச ரூபாய்க் காப்பீடும் மார்ச் இறுதியிலேயே அறிவிக்கப்பட்டது, அதையும் வரவேற்கிறோம். ஆனால் வரிசையைப் பாருங்கள், தோழர்களே! உயிர் போனால் தரும் பணம் முதலில் வந்தது. உயிர் போகாமல் காக்கும் உடை பின்னால் வந்தது. கல்லெறிந்தவனைக் கூண்டிலே நிறுத்தினோம். கவசமின்றி அனுப்பிய அலட்சியத்தை எந்தக் கூண்டிலே நிறுத்தினோம்?

இயலாது என்பதும் பொய். அதை மெய்ப்பித்தது நம் தமிழகமே. கொள்ளைநோய் தொடங்கியபோது முழு உடல் கவசம் ஒன்றுகூட இந்தியாவில் செய்யப்படவில்லை, இப்போது நாளொன்றுக்கு 2 லட்சம் செய்கிறோம் என்று 2020 மே 12இல் பிரதமரே வானொலியிலும் தொலைக்காட்சியிலும் கூறினார். எப்படி நடந்தது அந்த மாற்றம்? யாகத்தாலா? கோவையிலே தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் இருக்கிறது, சிட்ரா என்பார்கள். செயற்கைக் குருதியை அழுத்தத்தோடு துணிமேல் செலுத்தி, ஊடுருவுகிறதா இல்லையா என்று சோதிக்கும் கருவி அங்கே இருந்தது. துணி மாதிரிகள் அங்கே வந்து குவிந்தன, தேறியவை ஏற்கப்பட்டன, தேறாதவை திருப்பப்பட்டன. பனியன் தைத்த திருப்பூர்த் தையற்கூடங்கள் கவச உடை தைத்தன. சோதனைக்கூடமும் தொழிலாளியின் விரலும் சேர்ந்து, வாரங்களிலே சாதித்தன. முன்பே கேட்டிருந்தால், முன்பே கிடைத்திருக்கும்! கேட்காத குற்றம் யாருடையது?

வரலாற்றையும் கேட்போம். அறுவை மருத்துவரின் இரப்பர்க் கையுறை எதற்காகப் பிறந்தது தெரியுமா? அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலே, 1889-90 குளிர்காலத்திலே, கரோலின் ஹாம்ப்டன் என்னும் செவிலியின் கைகள் கிருமி கொல்லும் பாதரசக் கரைசலால் புண்ணாயின. அதைக் கண்ட அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் இரப்பர் நிறுவனத்திடம் மெல்லிய கையுறை செய்யச் சொன்னார். நோயாளிக்கும் அது நன்மை என்பது பின்னரே தெளிவாயிற்று. பணி செய்பவளின் கையைக் காக்கப் பிறந்த பொருள், நோயாளியின் உயிரையும் காத்தது. பாடம் விளங்குகிறதா? பணியாளரைக் காப்பது நோயாளிக்கு எதிரான செலவன்று; நோயாளிக்கே செய்யும் காப்பு.

இன்னொரு பாடம் மஞ்சூரியாவிலிருந்து. 1910இன் இறுதியிலே அங்கே நுரையீரல் பிளேக் பரவிற்று. ஏறத்தாழ 60,000 பேரைக் கொன்ற நோய். பினாங்கிலே பிறந்த சீன மருத்துவர் வூ லியன்-டே, இது எலியால் மட்டும் வருவதன்று, மூச்சாலும் பரவுவது என்று கண்டார். பஞ்சையும் மெல்லிய துணியையும் அடுக்கி முகக்கவசம் செய்து எல்லோரையும் கட்டச் சொன்னார். மெஸ்னி என்னும் மூத்த பிரெஞ்சு மருத்துவர் இளைஞரின் பேச்சை எள்ளி நகையாடினார். முகக்கவசமின்றி நோயாளிகளைப் பார்த்தார். 1911 ஜனவரியிலே சில நாட்களுக்குள் மாண்டார். படிப்பும் பட்டமும் நிறமும் அவரைக் காக்கவில்லை. ஒரு முழத் துணி காத்திருக்கும்! வூ அத்தோடு நிற்கவில்லை. உறைந்த நிலத்திலே புதைக்க இயலாமல் குவிந்து கிடந்த சவங்களை, மூதாதையர் மரபு தடுத்தபோதிலும், அரசாணை பெற்று எரித்தார். மரபைவிட மனிதன் பெரியன் என்று துணிந்தார். சில திங்களுக்குள் நோய் அடங்கிற்று.

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாட்கள், காஞ்சியிலே அத்தி வரதர் பெருவிழா. 40 ஆண்டு குளத்துநீரிலே கிடந்த மரச்சிலை வெளியே எடுக்கப்பட்டது. நாளொரு வண்ணப் பட்டு. நம் தெருக்காரர் நெய்த பட்டு! கூட்டமோ ஒரு கோடியைத் தாண்டியது என்றார்கள். சாலை போட்டார்கள், பந்தல் போட்டார்கள், காவலரைக் குவித்தார்கள், குடிநீர் வைத்தார்கள். வழிபடுவது அவரவர் விருப்பம். அதைப் பற்றி இங்கே வழக்காடவில்லை. நாம் கேட்பது வேறு. 40 ஆண்டுக்கொருமுறை வரும் விழாவுக்கு முன்கூட்டியே திட்டமிடத் தெரிந்த அரசுக்கு, அதற்குச் சில திங்கள் கழித்து வந்த நோய்க்கு ஓர் அறை நிறையக் கவச உடை சேர்த்து வைக்கத் தெரியாமற்போனது ஏன்? தண்ணீருக்குள் 40 ஆண்டு கிடந்தும் தடுமன் பிடிக்காத சிலைக்கு மாற்றுடை நாள்தோறும் உண்டு. தும்மல் ஒன்றிலே உயிர்போகும் மருத்துவனுக்கு ஒரே முகக்கவசத்தை மறுநாளும் கட்டு என்றார்கள்! வெள்ளிக் கவசம், தங்கக் கவசம், முத்தங்கி — கல்லுக்கும் மரத்துக்கும் எத்தனை கவசம்! தசைக்கும் குருதிக்கும்?

நாம் வேண்டுவன மிகச் சிலவே.

ஒன்று: ஒவ்வொரு மாவட்டத்திலும், அமைதிக் காலத்திலேயே, கவச உடையும் முகக்கவசமும் இருப்பிலே இருக்க வேண்டும். 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை வாங்கிக் கிடங்குகளிலே சேர்த்துப் பங்கிடுவதிலே பிற மாநிலங்களுக்கு வழிகாட்டியது. மருந்துக்கு இயன்றது கவசத்துக்கும் இயலும். முகக்கவசத்தின் நாடா நாளடைவில் இற்றுப்போகும்; ஆகவே பழையதை நாட்பணியிலே பயன்படுத்திப் புதியதை உள்ளே வைக்கும் சுழற்சி வேண்டும். பூட்டி வைத்துப் பூசை செய்யக் கூடாது.

இரண்டு: சோதனையில் தேறாத துணி மருத்துவமனை வாசலைத் தாண்டக் கூடாது. போலிப் பட்டைத் தீயிலே காட்டி மணம் பார்த்துக் கண்டுபிடிப்போம் நாம். போலிக் கவசத்தையோ மருத்துவனின் மரணத்துக்குப் பிறகுதான் கண்டுபிடிக்க இயலும்.

மூன்று: அணியவும் கழற்றவும் ஆண்டுதோறும் பயிற்சி, முகத்துக்குப் பொருந்துகிறதா என்ற சோதனை. கவசம் தராவிடில், 'தா' என்று கேட்கும் பணியாளர்மேல் நடவடிக்கை பாயக் கூடாது.

நான்கு: கவசம் மருத்துவரோடு நின்றுவிடக் கூடாது. செவிலியர், வண்டியோட்டி, பிணவறை ஊழியர், குருதி தோய்ந்த பஞ்சை அள்ளும் தூய்மைப் பணியாளர் — ஒரே காற்றைத்தான் எல்லோரும் சுவாசிக்கிறார்கள். மேலே இருப்பவனுக்கு முழு உடை, கீழே இருப்பவனுக்குக் கிழிந்த கையுறை என்றால், கவசத்திலுமா வருணாசிரமம்?

ஐந்து: இது நம் பொறுப்பு, ஆசிரியர்களின் பொறுப்பு, படிப்பகத் தோழர்களின் பொறுப்பு. நோய் எப்படிப் பரவும், எப்படிப் பரவாது என்பதைத் தெருத்தெருவாகச் சொல்ல வேண்டும். அடுத்த கொள்ளைநோய் வரும்போது எந்த இடுகாட்டு வாசலிலும் ஒரு கல்லும் எழாதபடி இன்றே சொல்ல வேண்டும்.

அந்தச் சிறுமியின் ஏட்டுக்குத் திரும்பினோம். தவறு என்று போடவில்லை. அழைத்துப் பக்கத்திலே அமர்த்தி, சைமன் ஹெர்குலிஸின் கதையைச் சொன்னோம். கண் கலங்கக் கேட்டாள். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ஐயா, அவர் மனுசர்தானே? மழையிலே நனைஞ்சா எங்க அப்பாவுக்குக்கூட காய்ச்சல் வருமே" என்றாள். ஏட்டை வாங்கி, 'தெய்வம்' என்ற சொல்லை அடித்து, 'மனிதர்' என்று எழுதினாள். அடுத்த வரியையும் அவளே மாற்றினாள்: "மனிதருக்கு நோய் வரும், அதனால் மருத்துவருக்குக் கவசம் வேண்டும்."

முழு மதிப்பெண் இட்டோம். அவள் திருத்திக்கொண்டாள். நாடு எப்போது திருத்திக்கொள்ளப் போகிறது?